பதினேழாம் எண் பார்வையாளர்

ஜனவரி 18, சனி

ரெஹானாவிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வரும் வியாழன் முதல் ஞாயிறு வரை ஏலகிரி மலையில் ஒரு கூட்டம். வானியல் ஆராய்ச்சி செய்கிறவர்களும் வலைத்தளம் கட்டுகிறவர்களும் ஒரே இடத்தில் தங்கிப் பேசுகிறார்களாம். தலைமையுரை இல்லை, பொன்னாடை இல்லை, குத்துவிளக்கு இல்லை. "அப்போ யாரு பேசுவா?" என்று கேட்டேன். "வர்றவங்கதான்க்கா. என்ன பேசுறதுன்னு அன்னன்னிக்குக் காலைல முடிவு பண்ணுவோம்" என்றாள். கல்யாணத்துக்கு ஆளைக் கூப்பிட்டுவிட்டு மாப்பிள்ளை யாரென்று மண்டபத்தில் முடிவு செய்வதுபோல இருக்கிறது. இருக்கட்டும்.

ரெஹானா பெங்களூரில் விண்மீன்களை ஆராய்கிறவள். நான் பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டேலி சொல்லிக்கொடுக்கிறவள். எங்கள் இருவரையும் இணைப்பது 'மாறும் மீன்கள்' என்ற என் வலைத்தளம். சில விண்மீன்களின் ஒளி கூடும், குறையும். பொழுதுபோக்காக வானம் பார்க்கிறவர்கள் மொட்டை மாடியில் நின்று அவற்றைப் பக்கத்து மீன்களோடு ஒப்பிட்டு, இன்றைக்கு இவ்வளவு என்று ஒரு எண் அனுப்புவார்கள். நானும் பார்ப்பேன். எல்லா எண்களையும் தளத்தில் சேர்த்து வைப்பது என் வேலை. ரெஹானா மாதிரி ஆட்கள் அதை எடுத்துப் பயன்படுத்துவார்கள்.

இந்தத் தளத்தை அவளிடம் ஒப்படைக்கத்தான் போகிறேன். இனி வானம் பார்ப்பதாகவும் இல்லை. காரணம் கேட்டால் சென்டரில் வேலை அதிகம் என்று சொல்ல வேண்டும். சென்டரில் ஈ ஓட்டுகிறோம் என்பது பாளையங்கோட்டைக்கே தெரியும், பெங்களூருக்குத் தெரியாது.

வீட்டுக்காரர் மறுபடியும் கண் டாக்டர் பேச்சை எடுத்தார். கண்ணாடியின் பவர் மாறியிருக்கும், அதற்கு எதற்கு டாக்டர்? வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

அப்பாவின் நினைவு நாள். கடைசி வருடங்களில் நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே "சந்தனமாரியா?" என்பார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். பிள்ளைகளுக்கும் வரலாம் என்றார். வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 23, வியாழன்

சேலத்தில் ரயிலை விட்டு இறங்கி, திருப்பத்தூர் வந்து, அங்கிருந்து மலை பஸ். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு பெயர்ப் பலகை. பெயின்ட் மங்கிக் கிடக்கிறது என்று பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அடுத்த பலகையிலிருந்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டிக்கொண்டே வந்தாள். நல்ல பெண்.

தங்குமிடம் சுத்தமாக இருக்கிறது. படிகள்தான் ஒரே நிறத்தில் கட்டித் தொலைத்திருக்கிறார்கள், எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. நாற்பது பேர் இருப்பார்கள். வந்ததும் கழுத்தில் பெயர் அட்டை மாட்டினார்கள். அதில் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை, பெயர் மட்டும். அதனால் சாப்பாட்டு வரிசையில் எனக்கு ரசம் ஊற்றியவர் ஓய்வு பெற்ற பெரிய வானியலாளர் வின்ஃப்ரெட் என்பது எனக்கு மோர் வரும்போதுதான் தெரிந்தது. நாகர்கோவில்காரர். "நம்ம ஊருப் பக்கம்லா" என்று இன்னொரு அப்பளம் வைத்தார்.

இருட்டியதும் புல்தரையில் ஒரு விளையாட்டு. எல்லோரும் சிவப்பு மீனான திருவாதிரையைப் பார்த்து, பேசிக்கொள்ளாமல், ஒரு துண்டுச் சீட்டில் எண் எழுத வேண்டும். இந்தக் கணக்கில் எண் குறைந்தால் ஒளி அதிகம் என்று பொருள். பிறர் எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் எழுதுவதுதான் எங்கள் தொழில் தர்மம். சீட்டுகளைப் படித்தார்கள். எல்லோரும் 0.4, 0.5, ஒருவர் 0.6. நான் மட்டும் 0.0.

"யாருங்க அது, திருவாதிரைக்கு பல்பு மாத்துனது?" என்று ஒரு கோயம்புத்தூர்ப் பையன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சீட்டில் பெயர் இல்லாதது நல்லதாகப் போயிற்று. எனக்கு எப்போதுமே அது கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரியும். பாளையங்கோட்டை வானம் அப்படி என்று நினைத்திருந்தேன். ஏலகிரி வானமும் அப்படித்தான் போலிருக்கிறது.

கூட்டமாக இருக்கும் கார்த்திகை மீன்களை ஆளாளுக்கு எண்ணினார்கள். எனக்கு அந்த இடத்தில் ஒரு மங்கல்தான். பனி இறங்கிவிட்டது.

ஜனவரி 24, வெள்ளி

காலையில் சுவரில் பெரிய தாள் ஒட்டி, கட்டம் போட்டு வைத்திருந்தார்கள். யாருக்கு எதைப் பற்றிப் பேச ஆசையோ அதை எழுதி ஒட்டலாம். பிடித்தவர்கள் அங்கே போவார்கள். போரடித்தால் பாதியில் எழுந்து போகலாம், பேசுகிறவர் கோபிக்கக் கூடாது என்பது இங்குள்ள ஒரே சட்டம். எங்கள் ஊரில் இந்தச் சட்டம் வந்தால் பல பேர் மேடையில் தனியாக நிற்க வேண்டி வரும்.

நான் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். ஒன்று, பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு பழைய வானப் படங்களை வகை பிரிப்பது. இன்னொன்று, ஆராய்ச்சிக்காரர்கள் எழுதும் கணினி நிரலை எல்லோருக்கும் திறந்து வைப்பது. பாதி புரிந்தது, புரிந்த பாதி நன்றாக இருந்தது. யாரும் யாரையும் மட்டம் தட்டவில்லை. இருபது வருடமாகத் தனியாகச் செய்துவந்த ஒன்றை இங்கே நாற்பது பேர் சாதாரணமாகப் பேசுகிறார்கள். இவர்களை முன்பே பார்த்திருக்கலாம்.

மதியம் அந்தக் கோயம்புத்தூர்ப் பையன் தேடி வந்தான். பெயர் கார்முகிலன், வலைத்தளம் கட்டுகிறவன்.

"அக்கா, மாறும் மீன்கள் உங்க தளமுங்களா? தரவெல்லாம் அருமைங்க்கா. ஆனா அந்த நீலத்த மட்டும் கொஞ்சம் மாத்தலாமுங்களா? பத்து நிமிசம் பாத்தா கண்ணுல தண்ணி வருதுங்க."

"எந்த நீலம்? அது சாம்பல் கலருப்பா. போன வருசம்தான் நானே பாத்துப் பாத்து வச்சேன்."

அவன் ரெஹானாவைப் பார்த்தான். ரெஹானா தன் செல்போனைப் பார்த்தாள். இந்தக் காலத்துத் திரைகளில் நிறம் சரியாக வருவதில்லை.

தளத்தை ஒப்படைப்பது பற்றி ரெஹானாவிடம் இன்றும் சொல்லவில்லை. நாளை சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் சோதிக் குழம்பு வைத்தாராம். தேங்காய்ப்பால் திரிந்துவிட்டதாம். "நீ வந்து திட்டுனாத்தான் ருசி வரும்" என்றார்.

ஜனவரி 25, சனி

இன்று செய்து காட்டும் நாள். காலையில் கூட்டாளி சேர்ந்து, மாலைக்குள் எதையாவது கட்டி, ஆளுக்கு இரண்டு நிமிடத்தில் காட்ட வேண்டும். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, கைதட்டுவார்கள். கார்முகிலன் என் தளத்தின் எண்களை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். எடுத்துக்கொள் என்றேன். நான் பள்ளிப் படக் குழுவில் தமிழ் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். திரை எழுத்தை எல்லோரையும்விடப் பெரிதாக வைத்துக்கொண்டேன், அது என் பழக்கம்.

மாலையில் எல்லோரும் காட்டினார்கள். கார்முகிலன் முறை வந்தது. ஒவ்வொரு பார்வையாளரும் மற்றவர்களிலிருந்து எவ்வளவு விலகுகிறார் என்று வருடவாரியாகக் கோடு போட்டிருந்தான். மரியாதைக்காகப் பெயரை எடுத்துவிட்டு எண் கொடுத்திருந்தான். மற்ற கோடுகள் எல்லாம் கொஞ்சம் மேலே கீழே ஆடிக்கொண்டு சமமாகப் போயின. ஒரு கோடு மட்டும் ஐந்து வருடமாக ஏறிக்கொண்டே போயிற்று.

"இது பதினேழாம் நம்பருங்க. வெள்ளை மீனெல்லாம் கரெக்டா சொல்றாங்க. செவப்பு மீனுன்னா மட்டும் வருசா வருசம் வெளிச்சத்த ஏத்தீட்டே போறாங்க. செவப்பு மேல அப்படி ஒரு பிரியம்."

கூடம் சிரித்தது.

"எதனாலன்னு தெரியலீங்க. அதனால பதினேழோட கடைசி அஞ்சு வருசத்தத் தூக்கீட்டா மொத்தக் கணக்கும் சுத்தமாயிருமுங்க" என்று முடித்தான். கைதட்டினார்கள்.

பதினேழு யார் என்று எனக்குத் தெரியும். அந்த ஐந்து வருடத்தில் ஒரு மாதம்கூட விடாமல் எண் கொடுத்தவர் ஒருவர்தான். எழுந்து வெளியே வந்தேன். பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம் என்ற சட்டம் இருப்பதால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சட்டத்துக்கு நன்றி.

அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. எனக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது. சாயங்காலம் ஆட்டோ நம்பர் தெரிவதில்லை. அப்பாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கிறது. டாக்டரிடம் போனால் அதை வாயால் சொல்லிவிடுவார், அதனால் போகவில்லை. பார்வை முழுதாகப் போவதற்குள் தளத்தைக் கொடுத்துவிட்டு, கௌரவமாக ஒதுங்கிக்கொள்ளலாம் என்று வந்தேன். நான் பார்த்ததே தப்பு, தூக்கிப் போடலாம் என்று கைதட்டு வாங்கும் அளவுக்கு ஆகும் என்று நினைக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்வேன். மற்றவர்கள் எண் தளத்துக்கு வரும்போதெல்லாம் என்னுடையது ஒத்துப்போகவில்லை என்று எனக்குத் தெரியும். நிர்வாகி நான்தான், ஒரே தட்டலில் மாற்றியிருக்கலாம், யாருக்கும் தெரியாது. மாற்றவில்லை. பார்த்ததைத்தான் எழுதினேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். நான் நேராகச் சுவருக்குப் போய் ஒரு தாளில் எழுதி ஒட்டினேன். 'பதினேழு நான்தான். பேச வேண்டும். சந்தனமாரி.'

இரண்டு பேர் வருவார்கள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் கூடமே அங்கே இருந்தது. நாற்காலி போதாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கார்முகிலன் முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா, மன்னிச்சுருங்க, சத்தியமா தெரியாதுங்க" என்றான். நீ செய்தது சரியான கணக்கு, மன்னிப்பு எதற்கு என்றேன். பிறகு நேற்று இங்கே எழுதியதை எல்லாம் அவர்களிடம் சொன்னேன். அப்பாவைப் பற்றியும் சொன்னேன். பேசும்போது குரல் உடைந்துவிட்டது, உடையட்டும் என்று விட்டுவிட்டேன்.

வின்ஃப்ரெட் சார்தான் முதலில் பேசினார்.

"தம்பி, அந்தக் கோட்ட இன்னொரு தடவ போடு. ஏம்மா, திருவாதிரைய எதோட ஒப்பிடுவீங்க?"

"ரைஜல், புரோசியான்னு ரெண்டு மீனோட சார்."

"ரெண்டும் வெள்ளை. ஒண்ணு நீல வெள்ளை. நீங்க திருவாதிரைய கூட்டிச் சொல்லலம்மா. ரைஜல் உங்களுக்குக் கொறஞ்சு தெரியுது. அது கொறஞ்சா இது கூடுனதுபோலத் தெரியும், கேட்டேளா? வெள்ளை மீன வெள்ளையோட ஒப்பிடும்போது ரெண்டும் ஒண்ணா கொறையும், அதான் அங்க தப்பு வரல. நீல வெளிச்சம் உங்க கண்ணுக்குள்ள போகல. நடுவுல எதோ மஞ்சளா மறைக்குது."

எனக்குப் புரியவில்லை. அவர் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"எனக்கும் இதே கோடுதான் இருந்துச்சு. கண்புரை. லென்ஸ் பழுப்பேறிப் போகும், நமக்குத் தெரியாது. ஆப்பரேசன் பண்ணிட்டு வீட்டுக்கு வந்து, யாரு இந்த நீலத் திரையப் போட்டதுன்னு வீட்டுக்காரிட்ட சண்ட போட்டேன். அது பத்து வருசமா தொங்குதாம். நான் டாக்டர் இல்ல பாத்துக்கிடுங்க. ஒங்க அப்பாவுக்கு வந்ததும் இருக்கான்னு டாக்டர்தான் பாத்துச் சொல்லணும். ஆனா இந்தக் கோடு போடுறது புரைதான்னு நான் பந்தயம் கட்டுவேன். ஒண்ணு சொல்லுதேன். ஊரோட ஒத்துப்போகணும்னு நீங்க நம்பர மாத்தியிருந்தா இத யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது."

நான் அழுதேன். இத்தனை பேர் முன்னால் அழுதது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. வெட்கமாக இல்லை. ரெஹானா பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

கார்முகிலன் அதற்குள் மடிக்கணினியைத் திறந்துவிட்டான். "ஆப்பரேசன்ல மொதல்ல ஒரு கண்ணுதானுங்க்கா பண்ணுவாங்க? அப்பப் புதுக் கண்ணு ஒண்ணு, பழைய கண்ணு ஒண்ணு இருக்குமுங்க. ரெண்டுலயும் ஒரே நாள் திருவாதிரையப் பாத்து நம்பர் குடுத்தீங்கன்னா, அந்த லென்ஸ் எவ்வளவு மறைச்சுதுன்னு தெரிஞ்சிருமுங்க. அத வச்சு உங்க அஞ்சு வருசத்தையும் திருத்தீரலாம். ஒரு நம்பரும் தூக்க வேண்டியதில்லீங்க."

புறப்படும்போது ரெஹானாவிடம், தளத்தை ஒப்படைக்கத்தான் வந்தேன் என்று உண்மையைச் சொன்னேன். "எடுத்துக்கிறேன்க்கா, பாதி. சேர்த்து வைக்கிற வேலைய நானும் கார்முகிலனும் பாத்துக்கிறோம். பாக்குற வேலைய யார்ட்ட ஒப்படைப்பீங்க?" என்று கேட்டாள்.

ஜனவரி 29, புதன்

கண் டாக்டர். வீட்டுக்காரரும் கூட வந்தார். கண்ணில் காற்றடித்துப் பார்த்தார்கள், மருந்து விட்டுப் பார்த்தார்கள், இருட்டில் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள்.

அழுத்தம் சரியாக இருக்கிறது. நரம்பு நன்றாக இருக்கிறது. அப்பாவுக்கு வந்தது எனக்கு வரவில்லை. இரண்டு கண்ணிலும் புரை, நன்றாக வளர்ந்த புரை. "இவ்வளவு நாள் எப்படிம்மா சமாளிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார். வருடா வருடம் வந்து அழுத்தம் பார்க்க வேண்டும் என்றார். வருகிறேன் என்றேன்.

வெளியே வந்தோம். வண்டியை எடுக்கப் போனவர் திரும்பி வந்து, "மாரி, இத மொதல்லயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சொல்லியிருக்கலாம்தான். பயத்தைத் தனியாக வைத்துக்கொண்டால் அவருக்கு மிச்சம் என்று நினைத்தேன். அவருக்கும் அதே பயம் இருந்திருக்கிறது. அதனால்தான் ஓயாமல் டாக்டர், டாக்டர் என்றிருக்கிறார்.

பிப்ரவரி 5, புதன்

வலது கண்ணுக்குத் திங்கட்கிழமை ஆப்பரேஷன். இடது கண்ணை இரண்டு வாரத்தில் செய்துவிடலாம் என்றார் டாக்டர். ஏப்ரல் வரை தள்ளிப்போட முடியுமா, அதற்குள் பத்துப் பதினைந்து தடவை இரண்டு கண்ணிலும் எண் எடுக்க வேண்டும் என்று கேட்டேன். கூட வந்திருந்த வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஊரு உலகத்துல எவளாவது கண்புரைய பத்திரமா வச்சிக்கிடணும்னு டாக்டர்ட்ட கேப்பாளா?" டாக்டர் சிரித்துவிட்டு, கேடு ஒன்றுமில்லை, ஏப்ரலிலேயே செய்யலாம் என்றார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கட்டு பிரித்தார்கள். நர்ஸின் சேலை நீலம். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் என்ன என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 15, சனி

சொட்டு மருந்து. அடுப்படிக்குள் விடமாட்டேன் என்கிறார் வீட்டுக்காரர். தலைக்குக் குளிக்கவும் கூடாது. இன்று என் வலைத்தளத்தைத் திறந்து பார்த்தேன். கார்முகிலனுக்குப் போன் செய்து, தம்பி, அந்த நீலத்தை உடனே மாற்று, ஊர் முழுக்க இதைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருந்தீர்கள் என்றேன். "சொன்னமுங்க்கா" என்றான் பணிவாக.

பிப்ரவரி 27, வியாழன்

மாடிக்குப் போக இன்றுதான் அனுமதி கிடைத்தது. அமாவாசை இருட்டு. அவர் நாற்காலியை எடுத்து வந்து போட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்.

முதலில் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, பழைய கண்ணால் பார்த்தேன். திருவாதிரை பெரிதாக, தனி ராணியாக நின்றது. ஐந்து வருடமாக நான் பார்த்த அதே திருவாதிரை. 0.0 என்று எழுதினேன்.

பிறகு கையை மாற்றினேன். ரைஜல் வந்தது. நீலமும் வெள்ளையுமாக, இவ்வளவு பிரகாசமாக அது அங்கே இருந்தது எனக்கு மறந்தேபோயிருந்தது. அதன் பக்கத்தில் திருவாதிரை சற்று அடங்கிவிட்டது. மேலே ரோகிணிக்கு அருகில் வியாழன், அதைத் தாண்டிக் கார்த்திகை மீன்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக. ஏலகிரியில் பனி இறங்கவே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. அந்த மலையில் யாரென்று கேட்காமல் எனக்கு ரசம் ஊற்றிய மனிதரை, பதறிப்போய் மன்னிப்புக் கேட்ட பையனை, கையைப் பிடித்த ரெஹானாவை, தரையில் உட்கார்ந்து கேட்ட முகம் தெரியாத அத்தனை பேரையும் நினைத்துக்கொண்டேன். நான் எழுதிய தப்பான எண்களைக் கேலி செய்து முடித்த பிறகு, அந்த எண்களிலிருந்தே என் கண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள். இதற்கு என்ன கைம்மாறு செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நன்றாக இருக்கட்டும்.

நிதானமாக ஒப்பிட்டு, வலது கண்ணின் எண்ணை எழுதினேன். பிறர் எண் எதையும் பார்க்காமல், இரண்டையும் தளத்தில் ஏற்றினேன். ஏற்றிய பிறகுதான் இன்றைக்கு வந்திருந்த மற்ற எண்களைத் திறந்தேன். வாணியம்பாடியில் ரெஹானாவின் தம்பி 0.5. கார்முகிலன் 0.4. நாகர்கோவிலில் வின்ஃப்ரெட் சார் 0.5. என் வலது கண் 0.5.

நான் செல்போனை மடியில் வைத்துவிட்டு மறுபடியும் வானத்தைப் பார்த்தேன். அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன மாரி, புதுசா என்ன தெரியுது?"

"புதுசா ஒண்ணுமில்லங்க. எல்லாருக்கும் தெரியுதது எனக்கும் தெரியுது."